தகைவிலான்

ஐப்பசி மாலையில் அம்பத்தூர் ஏரிப்பக்கம் சென்றால் மின்கம்பிகளை அண்ணாந்து பாருங்கள். கவட்டை வாலும் செங்கழுத்தும் உடைய சிறு பறவைகள் வரிசையாக அமர்ந்திருக்கும். அவையே தகைவிலான் குருவிகள். ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இச்சிற்றுயிர், இமயத்தையும் அதற்கு வடக்கேயுள்ள நிலங்களையும் விட்டுக் குளிர்காலத்தை இங்கே கழிக்க வருகிறது. வட அமெரிக்காவிலும் இவ்வினம் உண்டு. அங்குள்ளவை தென்னமெரிக்காவை நாடும்.

பறந்தபடியே பூச்சியைப் பிடிக்கும். பறந்தபடியே நீரும் பருகும். இரவிலோ கோரையும் நாணலும் அடர்ந்த இடங்களில் கூட்டமாக உறங்கும். கம்பி அதற்குத் திண்ணைதான், வீடன்று. இதை நாம் மறந்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு நான் கண்ட கோரைப் புதரொன்றில் இவ்வாண்டு மண் கொட்டிக் கிடந்தது. அந்தி வேளையில் வந்த குருவிகள் அம்மேட்டின்மீது நெடுநேரம் வட்டமிட்டன.