மூன்று அளவும் ஒரு முக்கோணமும்



நாற்புறமும் ஐம்பது ஐம்பது மீட்டர் எல்லையுள்ள ஒரு நிலத்தின் பரப்பு என்ன? 2,500 சதுர மீட்டர் என்று உடனே சொல்லத் தோன்றும். மூலைகள் செங்கோணமாயின் அது சரியே. ஆனால் அந்நிலம் சாய்ந்த வடிவுடையதாய், எதிரெதிர் மூலைகளுக்கு இடையே உள்ள தூரம் 28 மீட்டராயின், பரப்பு 1,344 சதுர மீட்டர்தான்! எல்லைகளின் நீளம் மாறவில்லை. நிலமோ ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இது சிறு வேறுபாடன்று.

இதற்குக் காரணம் என்ன? நான்கு பக்கங்களின் நீளம் மட்டும் ஓர் உருவத்தை உறுதி செய்யாது. மூன்று பக்கங்கள் உறுதி செய்துவிடும். ஆகவேதான் சங்கிலி கொண்டு நிலம் அளப்போர், நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்கின்றனர்.

மூன்று நீளங்களைக் கொண்டு முக்கோணம் அமைக்கும் வழியை யூக்ளிட் தமது நூலின் முதற் பகுதியில் 22ஆம் கூற்றாக வைத்தார். இன்று கணிப்பொறியில் படம் வரையும் பொறியாளர் கையாள்வதும் அவ்வழியே. நம் நிலத்தையே வரைவோம். முதலில் 28 அலகு நீளமுள்ள மூலைவிட்டத்தை வரைக. அதன் இரு முனைகளையும் மையமாகக் கொண்டு, 50 அலகு ஆரமுள்ள இரு வட்டங்கள் இடுக. வட்டத்தின் எப்புள்ளியும் தன் மையத்திலிருந்து 50 அலகு தொலைவில் உள்ளது. எனவே இரு வட்டங்களும் வெட்டும் புள்ளி, இரு முனைகளுக்கும் 50 அலகு தொலைவினதாகும். அதுவே மூன்றாம் மூலை.

கவராயத்தால் வரையும்போது அப்புள்ளியைக் கண்ணால் மதிப்பிடுகிறோம். பென்சில் முனையின் பருமனளவேனும் பிழை நேரும். மென்பொருளோ வெட்டும் புள்ளியைக் கணக்கிட்டுப் பற்றிக்கொள்கிறது. உயரம் 48 என்றும், ஒரு முக்கோணத்தின் பரப்பு 672 என்றும் காட்டுகிறது. 1963இல் ஐவன் சதர்லாந்து, ஒளிப்பேனாவால் திரையில் வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் அமைப்பை வெளியிட்டார். அங்கிருந்து வளர்ந்த கலை இது.

ஆயினும் சில முடிவுகள் நம்முடையவை. வட்டங்கள் மூலைவிட்டத்தின் இருபுறமும் வெட்டுகின்றன. நம் நிலத்துக்கு இரு புள்ளிகளும் வேண்டும். மூன்று மூலை நிலமாயின் ஒன்றே வேண்டும். எது என்பதை நிலத்தைக் கண்டவரே சொல்லுதல் கூடும். மேலும், மூலைவிட்டத்தை 105 என்று தவறாகக் குறித்துவிட்டால் வட்டங்கள் சந்திக்கவே மாட்டா. இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிடப் பெரிதாக இருத்தல் வேண்டும் அல்லவா? அப்போது கருவியைக் குறை கூறாது, மீண்டும் நிலத்துக்குச் சென்று அளப்பதே முறை.

உங்கள் பள்ளித் திடலின் நான்கு பக்கங்களையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து வாருங்கள். முதலில் கவராயத்தாலும், பின்னர் கணிப்பொறியிலும் வரையுங்கள். இரண்டும் ஒத்திருந்தால், உங்கள் வரைபடத்தை நீங்கள் நம்பலாம்.