அத்தா ஏறிவந்த கப்பல்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையில் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் மசாலா சாமான் கடை நடத்தும் அண்ணன் தம்பிகள் நாங்கள். போலிடெக்னிக் டிப்ளோமாவோடு எங்கள் படிப்பு நின்றது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று தலைவர் கேட்டதால், அக்கா மகளைப் பற்றிச் சொல்கிறோம்.

சைபர்ஜெயா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் டிஜிட்டல் மீடியா படிக்கிறாள். சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வீடியோ எடுக்க எதற்கு மூன்று வருடம், கையில்தான் போன் இருக்கிறதே என்று கேட்டவர்கள் நாங்கள்தான். கட்டணத்தில் பாதி கடைக் கணக்கிலிருந்து போனதால் கொஞ்சம் சத்தமாகவே கேட்டோம்.

இரண்டாம் ஆண்டில் ஒரு வேலை கொடுத்தார்கள்: கற்பனை கலக்காமல், உண்மையான ஒரு மனிதரைப் பற்றிப் பத்து நிமிடப் படம். அவள் எடுத்தது அவளுடைய நன்னாவை, எங்கள் அத்தாவை.

1958இல், பன்னிரண்டு வயதில், நாகப்பட்டினத்தில் சிதம்பரம் கப்பல் ஏறி வந்த கதையை அத்தா நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவள் அவர் சட்டையில் மைக்கை மாட்டினாள். இரைச்சல் விழுகிறது என்று கடை ஃப்ரிட்ஜை அணைக்கச் சொன்னாள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினாள். சொந்த நன்னாவிடமா என்று அக்கா சிரித்தார். "வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் ஒரு வழி இருக்கணும்மா" என்றாள்.

பிறகுதான் வம்பு. சிதம்பரம் கப்பல் இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியதே 1973இல். 1985இல் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் முடிந்தது. அதற்கு முன் பல்லாண்டுகள் நம் ஆட்களை ஏற்றிவந்தது ரஜூலா. "சரிபார்க்காமல் போட்டால் மார்க் போய்விடும் மாமு" என்றாள். எங்களுக்குக் கோபம் வந்தது. எண்பதை நெருங்கும் மனிதரைப் பொய்யராக்குகிறாளே!

அவள் ரஜூலாவின் பழைய படம் ஒன்றை அத்தாவிடம் நீட்டினாள். வெகுநேரம் பார்த்தார். "இதுதான்" என்றார். அப்படியானால் சிதம்பரம் எங்கிருந்து வந்தது நன்னா என்று மெல்லக் கேட்டாள்.

சிதம்பரத்தில் அவர் போனது 1976இல், தன் உம்மாவின் மவுத்துக்கு. ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒன்பது நாள். இத்தனை வருடத்தில் இதை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் கப்பல் கதைதான்.

அந்தப் பகுதியைப் படத்தில் சேர்க்கலாமா என்று மறுபடி அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தாள். பாட்டு ஒன்றும் பின்னால் போடவில்லை.

சிங்கப்பூரில் முதியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்ய 1979இலேயே அரசு தனிப் பிரிவு தொடங்கியது. நம் சங்க அலமாரியில் மூன்று பெட்டிப் புகைப்படங்கள் கிடக்கின்றன. பாதிக்கு மேல் பின்பக்கம் பெயரில்லை. பிரிக்பீல்ட்ஸ் உறுப்பினர் ஒருவர் போன மாதம் உட்கார்ந்து பதினேழு முகங்களுக்குப் பெயர் சொன்னார். இன்னும் எத்தனையோ முகங்கள் பாக்கி.

அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு அவளும் இரண்டு தோழிகளும் சங்க அலுவலகத்தில் இருப்பார்கள். பெரியவர்களை அழைத்து வாருங்கள். பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் எது இருந்தாலும் கையோடு கொண்டு வாருங்கள். தேநீர் எங்கள் கடைப் பொறுப்பு.