மலையணிலின் மேனி நிறம்

பதுளையிலிருந்து பசறை வழியாகக் கீழிறங்கும் நெடுஞ்சாலை லுணுகலையை அடையுமிடத்தில், மலைநாடும் உலர்நாடும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கின்றன. ஒருபுறம் மடுல்சீமைத் தொடரின் குளிர்ந்த தேயிலைச் சரிவுகள். மறுபுறம் பிபிலையை நோக்கித் தாழ்ந்து செல்லும் வெப்பமான காடுகள். இவ்விரு நாடுகளிலும் வாழும் ஓர் உயிர், இடத்துக்கேற்ப வேறு வேறு ஆடை பூண்டு நிற்கிறது. அதுவே மலையணில். சிங்கள மக்கள் அதனைத் ‘தண்டு லேனா’ என்பர்.

வீட்டு முற்றத்தில் ஓடும் முதுகுவரி அணிலைக் கண்டு பழகியவர்கள் இதனை முதன்முறை காணும்போது வியப்படைவர். பூனையளவு தோன்றும் உடல். அவ்வுடலுக்கு நிகரான நீண்ட வால். இலங்கையிலிருந்து கிடைத்த இவ்வணிலைத் தாமஸ் பென்னன்ட் என்னும் வேல்ஸ் நாட்டு இயற்கை நூலறிஞர் 1769ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதன் அறிவியற் பெயரிலுள்ள ‘மக்ரூரா’ என்ற சொல்லுக்கும் நெடுவால் என்பதே பொருள்.

இலங்கையில் இவ்வினம் மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. நடு மலைநாட்டில் வாழ்வது கருமை மிகுந்தது. தென்மேற்கின் ஈரக்காடுகளில் வாழ்வது முதுகில் மைபோன்ற கருமையும் வயிற்றில் மஞ்சளும் கொண்டது. உலர் வலயத்தில் வாழ்வதோ நரைகலந்த சாம்பல் கபில நிறமுடையது. கரியதையும் நரைத்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் அவற்றை வெவ்வேறு இனங்கள் என்றே எண்ணக்கூடும். ஆயினும் அவை ஓரினமே.

ஒரே இனத்தில் இத்துணை வேற்றுமை எவ்வாறு உண்டாயிற்று? விடை மயிரிழையில் இருக்கிறது. மயிருக்கு நிறந்தருவது மெலனின் என்னும் பொருள். அதில் கருமை தருவது ஒருவகை. மஞ்சளும் செம்மையும் தருவது மற்றொரு வகை. ஒரு மயிர் அடிமுதல் நுனிவரை கருமையே பெற்றால் மேனி கருக்கும். அதே மயிரில் கருமையும் வெளிறிய நிறமும் மாறி மாறிப் படிந்தால், தூரத்துப் பார்வைக்கு நரைத்ததுபோல் தோன்றும். எந்த மயிர் எவ்வாறு நிறம் பெறும் என்பது பெற்றோர் வழிவரும் மரபணுவால் அமைவது.

ஈரமிக்க நாட்டு விலங்குகள் கருமை மிகுந்தும், வறண்ட நாட்டு விலங்குகள் வெளிறியும் இருக்கும் போக்கினைக் குளோகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1833இல் எடுத்துரைத்தார். விதிவிலக்குகள் உண்டெனினும், இலங்கையின் மலையணில் அவர் கூற்றுக்கு நல்ல சான்றாகும். அடர்ந்த காட்டின் நிழலில் கருமேனி மறைவு தரும். வெயில் ஊடுருவும் காட்டில் நரைமேனி கிளையின் பட்டையோடு ஒன்றிவிடும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

மனிதன் நிறத்தைத் தெரிவு செய்தால் விளைவது வேறு. ஐரோப்பாவில் பெரெட் என்னும் சிறு விலங்கை முயல் வேட்டைக்காக ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பழக்கினர். தோற்றத்தில் கீரியை நினைவூட்டும் அது, நம் ஓடைகளில் வாழும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் காட்டு மூதாதை கபில நிறத்தது. வீட்டில் வளர்ந்த வழித்தோன்றல்களிலோ வெண்மை, இலவங்கப் பட்டையின் நிறம், சாக்லேட் நிறம் எனப் பல வகைகள் தோன்றின. செங்கண் கொண்ட வெள்ளைப் பெரெட் புதரிடையே எளிதிற் புலப்படுமாதலால் வேட்டைக்காரர் அதனை விரும்பினர். காட்டில் அதே வெண்மை அதனைப் பகைக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். மேலும், தலையில் வெள்ளைப் பட்டை தாங்கிய பெரெட்டுகளுள் செவிடானவை மிகுதி. கண்ணுக்கு இனிய நிறத்தை மட்டும் நாடியதற்கு விலங்கு செலுத்திய விலை அது.

மலையணிலின் நிறத்துக்கு அத்தகைய காவலர் எவருமில்லை. காடே அதன் காவல். மரத்திலிருந்து மரத்துக்குத் தாவியே அது வாழ்கிறது. தரையில் இறங்குவது அரிது. கவைக்கிளைகளில் இலையும் சுள்ளியும் சேர்த்துக் கூடு கட்டுகிறது. முன்பு கோப்பிக்காகவும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்காகவும் மலைகள் வெட்டி வெளியாக்கப்பட்டன. எஞ்சியவை குன்றின் உச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் நிற்கும் மரத்தொகுதிகளே. அவற்றுக்கிடையே இடைவெளி விழுந்தால், மலைநாட்டுக் கரிய அணிலும் கீழ்நாட்டு நரை அணிலும் தத்தம் தீவுகளில் அடைபட்டுவிடும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவ்வினத்தை அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் வைத்துள்ளது.

உலர்நாட்டு நரை அணிலின் உறவு தமிழகத்திலும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் அணில் அவ்வடிவத்தையே சேர்ந்தது. அதனைக் காப்பதற்கென்றே 1988இல் அங்கே ஒரு சரணாலயம் அமைந்தது.

லுணுகலைச் சரிவுகளில் பெரிய சரணாலயம் அமையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓடைக்கரை மரங்களை விறகுக்காக வெட்டாது விடுவதும், வெட்டவெளியான இடத்தில் மீண்டும் நாட்டு மரங்களை நடுவதும் தோட்ட நிர்வாகத்தாலும் தோட்ட மக்களாலும் கூடிச் செய்யத்தக்கவை. அதே மரங்கள் ஓடையின் நீரையும் காக்கும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் லயத்துக் குடங்கள் நிறைவதும் அந்நீரால்தான். அணில் தாவுவதற்கு ஒரு கிளையை விட்டு வைப்பவர், தம் வீட்டுக் குடத்துக்கும் நீரை விட்டு வைத்தவராவார்.