நடுத்தீர்வை நாளின் வினா

மனிதன் தான் வாழ்ந்த வாழ்வுக்கு ஒருநாள் விடை கூறியே ஆகவேண்டும் என்னும் எண்ணம் உலகச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. நம் நாட்டில் தோன்றிய சமயங்கள் இதனை வினைப்பயன் என்றும் பிறவித் தொடர் என்றும் விளக்கின. கிறிஸ்தவ சமயம் வேறொரு வகையில் விளக்கிற்று. உலக வரலாற்றுக்கு ஒரு முடிவு உண்டு. அன்று வாழ்வோரும் மாண்டோரும் ஒருங்கே இறைவன் திருமுன் நிற்பர். இயேசு கிறிஸ்துவே நடுவராக வீற்றிருப்பார் என்பது அச்சமயத்தின் நம்பிக்கை. கி.பி. 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் பெயரோடு வழங்கும் விசுவாசப் பிரமாணம் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. கத்தோலிக்கரும், கீழைத் திருச்சபையினரும், சீர்திருத்தச் சபையினர் பலரும் இன்றும் அப்பிரமாணத்தை வழிபாட்டில் ஓதுகின்றனர்.

இந்நாளைக் குறிக்கத் தமிழில் இரு சொற்கள் வழங்கி வந்துள்ளன. சீர்திருத்தச் சபையார் ‘நியாயத்தீர்ப்பு’ என்றனர்; பழைய கத்தோலிக்க நூல்கள் ‘நடுத்தீர்வை’ என்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோர்க்கு இவ்விரண்டாம் சொல் தனிச் சுவை உடையது. ‘நடு’ என்பது தமிழில் நீதியையே குறிக்கும். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, ஒருபால் சாயாத துலாக்கோலை அதற்கு உவமை ஆக்கினார். ஐரோப்பியச் சிற்பிகளும் தீர்ப்பு நாளைச் செதுக்கியபோது துலாக்கோலையே நாடினர் என்பது வியப்புக்குரியது.

பிரான்சு நாட்டின் ஓட்டன் நகரப் பேராலயத்தின் வாயிலில், 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செதுக்கப்பெற்ற அத்தகைய சிற்பம் ஒன்று இன்றும் உள்ளது. நடுவே கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். ஒருபுறம் ஆன்மாக்கள் தராசில் நிறுக்கப்படுகின்றன. கோரப் பேய் ஒன்று தட்டைத் தன் பக்கம் இழுக்க முயல்கிறது. கீழே கல்லறைகளினின்று எழும் மனிதர்கள் அஞ்சி நடுங்குகின்றனர். பின்னர் மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை உழைத்து, வாத்திகனின் சிஸ்டைன் சிற்றாலயத்துப் பலிபீடச் சுவரில் இதே காட்சியைத் தீட்டினார். அங்கும் மேலோங்கி நிற்பது அச்சமே. பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவ மக்களின் உள்ளத்தில் இந்நாள் ஒரு பெரும் பீதியாகவே பதிந்திருந்தது.

ஆயினும் இந்நம்பிக்கைக்கு ஆதாரமான மறைநூற் பகுதிகளுள் முதன்மையான ஒன்றில் தராசே இல்லை. மத்தேயு எழுதிய நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் காட்சி அது. மேய்ப்பன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பது போல, அரசர் மக்களை வலமும் இடமுமாகப் பிரிக்கிறார். அவர் கேட்கும் வினா மிக எளியது. பசித்தவனுக்கு உணவும், தாகமுற்றவனுக்கு நீரும், அயலானுக்கு இடமும், ஆடையற்றவனுக்கு உடையும் அளித்தாயா? நோயாளியையும் சிறைப்பட்டவனையும் சென்று கண்டாயா? எளியவனுக்குச் செய்தவை தமக்கே செய்தவை என்றும், அவனுக்குச் செய்யாதவை தமக்கே செய்யாதவை என்றும் அரசர் கூறுகிறார்.

இக்காட்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. இருதிறத்தாரும் வியப்படைகின்றனர். “ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்?” என்னும் பொருள்பட இருவரும் வினவுகின்றனர். தண்டிக்கப்பட்டோர் திகைப்பது இயல்பே. நற்பேறு பெற்றோரும் ஏன் திகைக்கவேண்டும்? தாம் செய்தவற்றை அவர்கள் கணக்கில் வைக்கவில்லை. பசித்தவனைக் கண்டபோது அவனுடைய பசியைத்தான் கண்டனர். அதன் வழியே விண்ணரசை ஈட்டலாம் என்று எண்ணினாரல்லர். பதிவேடும் இரகசிய அறிக்கையும் நிறைந்த அலுவலகங்களில் நாளெல்லாம் கழிக்கும் நமக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். நம் பணியின் சிறப்பெல்லாம் ஏட்டில் ஏறியதைப் பொறுத்ததன்றோ? இங்கு விசாரிக்கப்படுவதோ, செய்தவரே மறந்துவிட்ட செயல்.

இதனால் ஓர் ஐயம் எழுகிறது. நற்செயலே வீடுபேற்றைத் தருமாயின், இறையருளுக்கு என்ன வேலை? 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் எழுப்பிய பூசலின் உயிர்நிலை இதுவே. மனிதன் தன் புண்ணியத்தால் இறைவனைக் கடன்காரனாக்க முடியாது. விசுவாசத்தின் வழியே அருளால்தான் மீட்புப் பெறுகிறான் என்றார் அவர். மேலைத் திருச்சபை இதனால் பிளவுண்டது. நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிணக்குக்குப்பின், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் உலக லுத்தரன் சங்கத்தாரும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். மனிதன் ஏற்கப்படுவது தன் தகுதியால் அன்று, அருளால். நற்செயல்கள் அவ்வருளின் கனிகளாகத் தொடர்கின்றன என்பதே அதன் சாரம். மரம் கனியைக் காட்டித் தன் வேரை விலைக்கு வாங்குவதில்லை. எனினும் கனியாத மரத்தின் வேரைப்பற்றி ஐயுறாதார் யார்? நற்பேறு பெற்றோர் தம் நன்மையைத் தாமே அறியாதிருந்ததன் பொருளும் இதனால் விளங்கும்.

‘எளிய சகோதரர்’ என்று அரசர் சுட்டுவது கிறிஸ்துவின் சீடரை மட்டுமே என்று கொள்ளும் உரையாசிரியரும் உளர். ஆனால் துன்புறும் எவரையும் அது குறிக்கும் என்னும் பொருளே மக்களிடையே வேரூன்றிச் செயலாயிற்று. அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1952-இல் அன்னை தெரேசா, கல்கத்தாவின் காளி கோயிலை அடுத்த யாத்திரிகர் விடுதி ஒன்றில், தெருவோரம் சாகக் கிடந்தோர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். அங்கு வந்தோரின் சமயம் கேட்டு இடம் அளிக்கப்படவில்லை. அவ்வில்லத்து மருத்துவத்தின் தரத்தைக் குறை கூறியோரும் உண்டு. ஆயினும் அவரை அப்பணிக்கு உந்தியது யாது என்பதில் ஐயமில்லை. மத்தேயுவின் அவ்வதிகாரத்தையே அவர் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார்.

அரசர் கேட்கும் வினாக்களுள் அயலானைப் பற்றியது, பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நம் நெஞ்சைச் சிறப்பாகத் தொடவல்லது. கிரேக்க மூலத்தில் அவனைக் குறிக்கும் ‘க்ஸெனோஸ்’ என்னும் சொல்லுக்கு அயலான் என்றும் பொருள் உண்டு. விருந்தினன் என்றும் பொருள் உண்டு. தமிழ் விவிலியம் ‘அந்நியன்’ என்று பெயர்த்தது. நம் பழந்தமிழிலோ ‘விருந்து’ என்னும் சொல்லே புதுமையைக் குறிப்பது. முன்பின் அறியாது புதிதாய் வந்தவனே விருந்தினன். அயலானும் விருந்தினனும் ஒருவனே என்னும் உண்மையை இருமொழிகளும் ஒருபடித்தாகப் போற்றி வைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

மொழி புரியாத நகரில் வந்திறங்கிய அந்நாளில், நமக்கு வழிகாட்டியவரும் வாடகைக்கு அறை தந்தவரும் இருந்திருப்பர். அவர்கள் அதனை இன்று மறந்தும் இருப்பர். இப்போது நாம் ஊன்றிவிட்டோம். நேற்றுவரை அயலாராயிருந்த நாமே நாளடைவில் அவ்வூரினர் ஆகிறோம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கூலிவேலைக்கு வந்து, நம் குடியிருப்பின் வாயிலில் நிற்பவன் இன்றைய அயலான். இறுதிநாளில் நம்பிக்கை உடையோரும் சரி, இல்லாதோரும் சரி, அவனை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்னும் வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அதற்குரிய விடை, வருங்காலத்து ஒருநாளில் அன்று, இன்றே எழுதப்பட்டு வருகிறது.