நோய்ப் படுக்கையும் வீட்டுப் பத்திரமும்

(குடும்ப நலக் கூட்டத்தில் எங்கள் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



மருத்துவ உதவிக்காகச் சிலர் எங்களிடம் வருகிறார்கள். வட்டியில்லாக் கடனுக்காகச் சிலர் வருகிறார்கள். இரண்டுக்கும் சேர்ந்தே வரும் குடும்பங்களும் உண்டு. ஒரு பக்கம் அத்தாவுக்கு வைத்தியம். மறு பக்கம் மகன் அட்வான்ஸ் கொடுத்துவிட்ட வீடு. அப்படி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் பேசுகிறோம்.

அத்தாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இளைய மகன் மூன்று மாதக் கெடுவில் ஒரு வீட்டுக்கு அக்ரிமெண்ட் போட்டிருந்தார். "என் கண் மூடுறதுக்குள்ள நீ சொந்த வீட்டுக்குப் போயிடணும்ப்பா" என்று சொல்லி, கடையை விற்று வைத்திருந்த 8 லட்சம் ரூபாயை அத்தா எடுத்துக் கொடுத்தார். தங்கச்சி 10 பவுன் நகையைக் கழற்றிக் கொடுத்தார். குறைந்த தொகைக்கு நாங்கள் கடன் கொடுத்தோம். அத்தா தந்தது என்ன கணக்கு என்று மகனும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கிரயம் முடிந்தது. கடைசி வாரங்களில் மருந்துச் செலவுக்கு மூத்த மகன் தன் கைப்பணத்தைப் போட்டார். நான்காம் மாதம் அத்தா வஃபாத்தானார். அடக்கம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பேச்சு ஆரம்பமாயிற்று. "எனக்கு அன்பளிப்பாகத்தான் தந்தாங்க" என்றார் இளையவர். "கடனாத்தான் தந்தாங்க" என்றார் மூத்தவர். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

ஆலிம்களிடம் போனோம். மரணத்தில் முடியும் நோயை 'மரழுல் மவ்த்' என்பார்கள். அந்த நிலையில் ஒரு வாரிசுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும் என்று விளக்கினார்கள். நம் நாட்டு நீதிமன்றங்களும் முஸ்லிம்கள் விஷயத்தில் இதையே பின்பற்றுகின்றன. அத்தாவுக்கு வேறு கடனோ வஸிய்யத்தோ இல்லை. ஆகவே 8 லட்சத்தில் அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, 1 லட்சம். மகன்களுக்குத் தலா 2,80,000. மகளுக்கு 1,40,000. அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்தார். மற்ற இருவரும் விடவில்லை. இளையவர் 4,20,000 ரூபாயைத் தவணையில் தருவதாக முடிவாயிற்று. தங்கச்சியின் 10 பவுன் அதற்கு வெளியே தனிக் கடன்.

கணக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் அண்ணனும் தம்பியும் பெருநாளன்று ஒரே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, முஸாஃபஹா செய்யாமல் போகிறார்கள். அந்த அம்மா எங்களிடம் ஒன்றுதான் கேட்டார்: "அவங்க உயிரோட இருக்கையிலே இதை ஏன் யாருமே கேக்கலே?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் பேசுகிறோம்.

முதலாவது, வைத்தியப் பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. கெடு நெருங்கினால் விற்பவரிடம் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அக்ரிமெண்டிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, பணம் கை மாறும் அன்றே அதற்குப் பெயர் வையுங்கள். அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா? பங்கு என்றால் கிரயப் பத்திரத்தில் அவருடைய பெயரும் வரவேண்டும். நகை என்றால் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எழுதுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா 282, கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான். எழுதச் சொன்னால் அண்ணன் தம்பிக்குள் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கடனையோ வீட்டு முன்பணத்தையோ 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

நான்காவது, பெற்றோர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வெளிநாட்டில் இருப்பவரைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். நினைவு தப்பியவரின் கட்டைவிரலை எடுத்துப் பத்திரத்தில் வைக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இப்போது எங்களிடம் வீட்டுக்குக் கடன் கேட்டு வருபவரிடம், வீட்டில் யாராவது நோயில் இருக்கிறார்களா, குடும்பப் பணம் எவ்வளவு, அது என்ன கணக்கு என்று முதலில் கேட்கிறோம். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அந்த அம்மாவின் கேள்வியை இன்னொரு தாயிடமிருந்து கேட்க நாங்கள் விரும்பவில்லை.

நோயில் இருப்பவர்களுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம் வீடுகளில் பரக்கத்தையும், உடன்பிறந்தவர்களிடையே முஹப்பத்தையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.