பத்தாம் பாகத்தில் நின்ற தேர்



இந்த வாசகர் வட்ட மேடையில் வழக்கமாக ஒரு நூலைப் பாராட்டத்தான் கூப்பிடுவார்கள். இன்று மாறுதலாக, ‘என்னைக் கோபப்படுத்திய நூல்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு நூல் என்று நிபந்தனையும் போட்டிருக்கிறீர்கள். நான் பதினான்கு நூல்களோடு வந்திருக்கிறேன். நிபந்தனையை மீறியதாக எண்ண வேண்டாம். பதினான்கும் ஒரே கதை. அதுதான் என் புகாரின் தொடக்கமும்.

ராபர்ட் ஜோர்டன் எழுதிய ‘தி வீல் ஆஃப் டைம்’ வரிசையைத்தான் சொல்கிறேன். ஜோர்டன் என்பது புனைபெயர். இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரத்துக்காரர். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் அமர்ந்து துப்பாக்கி பிடித்தவர். ஊர் திரும்பி இயற்பியல் படித்தார், அமெரிக்கக் கடற்படைக்காக அணுசக்திப் பொறியாளராக வேலை பார்த்தார், பிறகுதான் எழுத வந்தார். முதல் பாகம் 1990 ஜனவரியில் வெளிவந்தது. கடைசிப் பாகம் 2013 ஜனவரியில். நடுவில் இருபத்துமூன்று வருடம். முதல் பாகத்தைப் பள்ளிக்கூடப் பையனாகக் கையில் எடுத்தவன், கடைசிப் பாகத்தை வாங்கப் போகும்போது தன் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போயிருப்பான். மொத்தம் நாற்பது லட்சம் சொற்களுக்கு மேல்.

கோபத்தைச் சொல்வதற்கு முன்னால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். முதல் பாகம் அபாரமானது. மலையோரத்தில் ஒரு கிராமம். திருவிழாவுக்கு ஊர் காத்திருக்கிறது. ஆடு மேய்க்கும் ராண்ட், குறும்புக்காரன் மாட், கொல்லனிடம் தொழில் பழகும் பெரின் என மூன்று இளைஞர்கள். வெளியூரிலிருந்து ஒரு பெண் வருகிறாள், சீக்கிரமே ஊர் எரிகிறது. இந்த மூவரில் ஒருவன் உலகத்தைக் காக்கப் பிறந்தவன். ஆனால் அவனுக்குள் ஊறும் சக்தி விஷம் கலந்தது. அந்தச் சக்தியைத் தொடும் ஆண்கள் எல்லோரும் கடைசியில் பைத்தியமாகிறார்கள். உலகத்தைக் காக்கவும் அவன்தான் வேண்டும், உலகம் பயப்படுவதும் அவனைக் கண்டுதான். இப்படி ஒரு முடிச்சைப் போட்டுக் கொடுத்தால் யார்தான் படிக்காமல் இருப்பார்கள்? நான்காம் பாகம் வரை ஊண் உறக்கம் மறந்து படிக்கலாம். ஆறாவது பாகத்தின் கடைசிப் போர்க்களத்தை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

ஏழில்தான் சங்கடம் தொடங்குகிறது.

மாட் என்று ஒருவனைச் சொன்னேன் இல்லையா? வாசகர்களின் செல்லப்பிள்ளை. 1996இல் வந்த ஏழாம் பாகத்தின் இறுதியில் அவன்மேல் ஒரு சுவர் இடிந்து விழுகிறது. செத்தானா பிழைத்தானா? 1998இல் எட்டாம் பாகம் வருகிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடிப் பாருங்கள், மாட் இல்லை. இடிபாட்டிலிருந்து தூசி தட்டிக்கொண்டு அவன் எழுந்து வந்தது 2000ஆம் ஆண்டில், ஒன்பதாம் பாகத்தில். அந்த எட்டாம் பாகத்தின் முடிவில் பெரினின் மனைவி கடத்தப்படுகிறாள். அவளை மீட்டது எப்போது? 2005இல், பதினொன்றாம் பாகத்தில். கதைக்குள் ஓடியது சில மாதங்கள்தான். ஏழு வருடம் ஓடியது நமக்கு. ராவணன்கூட சீதையை இவ்வளவு காலம் வைத்திருக்கவில்லை ஐயா!

இன்னும் சின்னச் சின்ன எரிச்சல்கள். நைனீவ் என்றொரு பெண்ணுக்குக் கோபம் வந்தால் தன் பின்னலைப் பிடித்து இழுப்பாள். அவளுக்குக் கோபம் வராத அத்தியாயமே கிடையாது. மந்திர சக்தி கொண்ட மகளிர் சபை ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் வாய் திறப்பதற்கு முன் பாவாடையை நீவிவிட்டுக்கொள்வார்கள். ஒரு பக்கத்தில் மூன்று பேர் நீவுவார்கள். யார் எந்த நிறச் சால்வை, அதில் எந்த ஓரம், எந்தத் துணி, எந்தத் தேநீர், அது ஆறிவிட்டதா இல்லையா என்பதெல்லாம் வரும். பெயர் வைத்த பாத்திரங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அரைப்பக்கம் வந்த ஒரு பெண்மணி நான்கு பாகம் தாண்டித் திரும்பி வருவார், நாம் அவரை அடையாளம் கண்டு பதற வேண்டும் என்று ஆசிரியர் எதிர்பார்ப்பார். புத்தகத்தின் பின்னால் சொல்லகராதி கொடுத்திருக்கிறார். நமக்கு வேண்டிய பெயர் மட்டும் அதில் இருக்காது. சரி, நண்பர்களிடம் கேட்கலாம் என்றால், அவர்கள் பதிலோடு சேர்த்து யார் சாகப்போகிறார் என்பதையும் சொல்லித் தொலைத்துவிடுவார்கள்.

இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாதது பத்தாம் பாகம். 2003இல் வந்த ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’. அதற்கு முந்தைய பாகத்தின் முடிவில் கதையின் மிகப் பெரிய சம்பவம் நடக்கிறது. ஆண்களின் சக்தியில் கலந்திருந்த அந்த விஷத்தை ராண்ட் கழுவி எடுக்கிறான். மூவாயிரம் வருடத்துப் பீடை தீர்ந்தது! அடுத்து என்ன என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்தாம் பாகத்தைத் திறந்தால், கதை பின்னோக்கிப் போகிறது. அந்தச் சம்பவம் நடந்த அதே நாளில் இன்னொருவர் எங்கே இருந்தார், தொலைவில் எழுந்த அந்தப் பேரொளியை அவர் எப்படி உணர்ந்தார், பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னார்... அப்புறம் வேறொருவர், வேறோர் ஊர், அதே நாள். தேர் வீதி முனையில் நின்றுவிட்டது. வடம் பிடிப்பவர் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையாக நம்மைக் கூட்டிப்போய், இங்கிருந்து பார்த்தால் தேர் எப்படித் தெரிகிறது பாருங்கள் என்று காட்டுகிறார் ஆசிரியர். நாயகன் ராண்ட் அந்தப் பாகத்தில் தலையைக் காட்டுவதே அபூர்வம்.

நீளத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை நாம். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். நம் பாட்டிகள் மூன்றரை வருடம் வாரம் தவறாமல் காத்திருந்தார்கள். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014இல் தொடங்கி 2020 வரை நாள்தோறும் வந்து இருபத்தாறு நாவல்களாக நிற்கிறது. அதை முழுதும் படித்தவர் இந்த அவையிலேயே இருப்பார் என்று நினைக்கிறேன். ஆகவே பக்கக் கணக்கை வைத்து நான் ஜோர்டன்மேல் வழக்குப் போடவில்லை. வாரத் தொடரில் ஒரு வசதி உண்டு. கதை இரண்டு வாரம் நகரவில்லை என்றால் மூன்றாம் வாரம் பத்திரிகை அலுவலகத்துக்கு அஞ்சலட்டை போய்விடும். எழுதுகிறவருக்குச் சுருக்கென்று உறைக்கும். கல்கிக்கே, முடிவில் பலருடைய கதை தெரியவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டதால் முடிவுரை ஒன்று எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜோர்டனுக்கு அந்த அஞ்சலட்டை இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் இன்னொரு எழுநூறு பக்கம் அச்சாகியிருக்கும்.

அதைவிடப் பெரிய காரணம் வெற்றி. ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் இந்த வரிசை முதன்முதலில் முதலிடம் பிடித்தது எந்தப் பாகத்தில் தெரியுமா? மாட் காணாமல் போனானே, அந்த எட்டாம் பாகத்தில்! கதை தவழத் தொடங்கியபோதுதான் விற்பனை பறந்தது. பதிப்பகத்தார் அடுத்த பாகத்தின் முன்கதையை மட்டும் வெட்டி எடுத்து, மின்நூலாகத் தனியே காசுக்கு விற்றார்கள். அதையும் வாங்கினார்கள் வாசகர்கள். இப்படி வாங்குகிறவர்கள் இருக்கும்போது எந்த எழுத்தாளரிடம் போய் யார் ‘வெட்டுங்கள்’ என்று சொல்வது? தொடங்கும்போது ஜோர்டன் மூன்று பாகம் என்றுதான் சொன்னார். டோர் பதிப்பகத்தின் டாம் டோஹர்ட்டி, அவரைத் தெரிந்தவர், ஆறு பாகத்துக்கு ஒப்பந்தம் போட்டார். அந்த ஆறும் பதினான்கானது. முன்கதை நாவல் ஒன்று தனி. ஏழு முதல் பத்து வரையிலான நான்கு பாகங்களை இரண்டாகச் சுருக்கியிருந்தால் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இது என் தீர்ப்பு. மறுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசைக்கு வாருங்கள், பேசுவோம்.

பிறகு ஏன் விடாமல் படித்தீர்கள் என்று தம்பி ஒருவர் கேட்பது முகத்திலேயே தெரிகிறது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதுதான் முதல் பதில். ஆறு பாகத்தைப் படித்தவனுக்கு ஏழாவதை விட மனம் வராது. இந்த நோய் ஜோர்டன் வாசகர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. வேறொரு நெடுங்கதை வரிசை எழுதும் ஜார்ஜ் மார்ட்டின் 2005இல் தந்த நாலாம் பாகத்தில் முக்கியப் பாத்திரங்களான ஜானுக்கும் டிரியனுக்கும் டெனேரிஸுக்கும் அத்தியாயமே கிடையாது. அவர்கள் அடுத்த வருடம் வருவார்கள் என்ற நம்பிக்கையைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். அந்த ‘அடுத்த வருடம்’ 2011இல் வந்தது. ஆறாம் பாகத்துக்கு இன்றும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜோர்டனின் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கத் தொடங்கினார்களே, அதுவும் மூன்று பருவத்தோடு 2025இல் நின்றுவிட்டது.

ஆனால் இன்னொரு பதிலும் இருக்கிறது, அதுதான் உண்மையான பதில். அந்த மகளிர் சபையில் ஒரு விதி. உறுப்பினர்கள் பொய் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள், சொல்ல நினைத்தாலும் நாக்கு வராது. 1990இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர், இன்னார்தான் என்னை அனுப்பினார் என்கிறார். சில நூறு பக்கம் கழித்து அந்த இன்னார், நான் அனுப்பவில்லையே என்கிறார். அவ்வளவுதான், கதை மேலே போய்விடுகிறது. கவனித்த வாசகர்கள் திகைத்தார்கள். பொய் சொல்ல முடியாதவர் எப்படிப் பொய் சொன்னார்? எழுத்துப் பிழையா, ஆசிரியர் மறந்துவிட்டாரா என்று வாதம் நடந்தது. விடை 2009இல், பன்னிரண்டாம் பாகத்தில் வந்தது. பத்தொன்பது வருடம்! அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் நடந்தேன். யார் அவர் என்று சொல்ல மாட்டேன். இத்தனை பெரிய உலகத்தை எழுதினால்தான் அப்படி ஒரு கணம் வாய்க்கும். அதை இருநூறு பக்க நாவலால் தர முடியாது. என் கோபமெல்லாம் அந்த உயரத்தைத் தொடக்கூடியவர் பாவாடையை நீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரே என்பதுதான்.

பதினொன்றாம் பாகத்தில், 2005இல், ஜோர்டன் விழித்துக்கொண்டார். கடத்தப்பட்டவள் மீட்கப்பட்டாள், கிடப்பில் கிடந்த கிளைகள் ஒவ்வொன்றாக முடிந்தன, பழைய வேகம் திரும்பியது. மறு வருடமே தனக்கு இதயத்தைத் தாக்கும் அரிய நோய் என்று அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். வயது ஐம்பத்தெட்டு. இவர் முடிக்காமலே போய்விடுவார் என்று முன்பு கேலி பேசிய வாசகர்கள் உண்டு. அன்று அவர்களுக்குப் பேச்சு வரவில்லை.

கடைசி மாதங்களில் அவர் குடும்பத்தாரிடம் முடிவை வாய்விட்டுச் சொன்னார், காட்சிகளையும் குறிப்புகளையும் விட்டுச் சென்றார். அவர் மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருடைய பதிப்பாசிரியரும். முடித்துக் கொடுக்க பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைஞரை ஹாரியட் தேர்ந்தெடுத்தார். பள்ளி வயதில் முதல் பாகத்தைப் படித்து வளர்ந்த வாசகர் அவர். ஒரு வாசகரே வந்து கதையை முடித்துவைத்தார் என்பதில் எனக்கு ஏனோ ஒரு திருப்தி. ஒரே புத்தகமாக முடிக்கத் திட்டமிட்டது மூன்றாக விரிந்தது, குருவுக்குத் தப்பாத சீடர்! நடை சற்றே மாறியது, மாட் கொஞ்சம் அதிகமாகவே நகைச்சுவை பேசினான். ஆனால் தேர் நகர்ந்தது. இறுதிப் போருக்கென்று ஒரே அத்தியாயம், அது மட்டும் இருநூறு பக்கத்துக்கு நெருக்கம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது.

இளைஞர்களே, இந்த வரிசையை ஆரம்பிக்க நினைத்தால் தாராளமாக ஆரம்பியுங்கள். ஆறு பாகம் வரை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஏழு, எட்டு, ஒன்பதில் பிடித்த பாத்திரத்தின் அத்தியாயங்களைப் படித்துவிட்டு மற்றதைப் புரட்டிக்கொண்டு போகலாம். பாவம் ஒன்றும் வராது. பத்தாம் பாகத்துக்கு யாரிடமாவது ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினொன்றிலிருந்து மறுபடியும் உட்கார்ந்து படியுங்கள்.

நூலகர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம். நம் அலமாரியில் மூன்றும் ஏழும் மட்டும் இருக்கின்றன. மூன்றை எடுத்துப் படித்தவன் ஒன்றைத் தேடி அலைவான், ஏழை எடுத்தவன் சுவர் இடிந்து விழுந்த இடத்தோடு நின்றுவிடுவான். அடுத்த நிதியாண்டில் பதினான்கையும் சேர்த்து வாங்குங்கள். பணம் போதாது என்றால் பத்தாவதை மட்டும் விட்டுவிடுங்கள், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.