லேசர் விமானம்: எரிக்கும் ஒளியும் காட்டிக் கொடுக்கும் ஒளியும்



கடைத்தெருவில் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ஆயுதப் பேச்சுதான். "அமெரிக்காக்காரன் விமானத்தில் லேசர் வைத்திருக்கிறான். மேலே இருந்தபடியே ஊரை எரித்து விடுவான். சத்தமும் வராது, புகையும் வராது" என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஹவாய் மாநிலத்தின் லஹைனா நகரம் எரிந்தபோதும் லேசர்தான் காரணம் என்று உலகம் முழுக்கக் கதை கட்டினார்கள். அறுந்து கிடந்த கம்பியில் மீண்டும் மின்சாரம் பாய்ந்ததால் பிடித்த தீ, பலத்த காற்றில் பரவியது என்பதே விசாரணையில் கிடைத்த முடிவு. ஆனால் வதந்தி ஓடிய வேகத்தில் விசாரணை முடிவு ஓடுமா?

சரி, அந்த லேசர் விமானத்தின் உண்மைக் கதைதான் என்ன?

1991 வளைகுடாப் போரில் இராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளைத் தடுக்க அமெரிக்கா திணறியது. ஏவுகணை கிளம்பிய உடனேயே அதை வானில் வைத்துப் பொசுக்கினால் என்ன என்ற யோசனைக்கு அதன் பிறகு மவுசு கூடியது. 1996ல் போயிங், டி.ஆர்.டபிள்யூ., லாக்ஹீட் மார்ட்டின் ஆகிய கம்பெனிகளிடம் வேலையை ஒப்படைத்தார்கள். சரக்கு ஏற்றும் ஜம்போ 747 விமானம் ஒன்றை எடுத்து, அதன் மூக்கில் சுழலும் கண்ணாடியைப் பொருத்தினார்கள். உள்ளே குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடின் என்று ஒரு ரசாயனத் தொழிற்சாலையே இருந்தது. அதற்கு ஒய்.ஏ.எல்-1 என்று பெயர்.

சினிமாவில் காட்டுவதுபோல சிவப்புக் கோடு பாய்ந்து எதையும் இரண்டாகப் பிளக்காது. அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. ஏவுகணையின் மேல்தகட்டில் ஒரே இடத்தில் சில விநாடிகள் அது நிலைத்து நிற்க வேண்டும். சூட்டில் தகடு பலவீனப்பட்டால், உள்ளே இருக்கும் அழுத்தத்தாலேயே ஏவுகணை வெடித்து விடும். காற்று நிரம்பிய சைக்கிள் டியூப்பில் ஒரு இடத்தைச் சூடாக்கிப் பாருங்கள், விளங்கும். மேகமும் தூசியும் குறுக்கே வந்தால் ஒளி சிதறும். தூரம் கூடக் கூட வேகம் பறந்து ஓடும் பொருளின் மேல் அதை நிறுத்தி வைப்பதும் கடினமாகும்.

2010 பிப்ரவரியில் கலிபோர்னியா கடலோரத்தில் இந்த விமானம் ஒரு ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தியது உண்மைதான். உலகப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டி முழக்கின. அதே ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் நடந்த சோதனைகள் தோற்றதைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

வியாபாரிகளே, கணக்கு உங்களுக்குத் தெரிந்த வித்தை. இதையும் போட்டுப் பாருங்கள். திட்டத்துக்குச் செலவானது 500 கோடி டாலருக்கு மேல். 2009ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் கேட்ஸ் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன கணக்கு இது. உருப்படியாகப் பயன்பட வேண்டுமானால் 10 முதல் 20 விமானங்கள் தேவை. ஒவ்வொன்றும் 150 கோடி டாலர். பராமரிக்க ஆண்டுக்கு 10 கோடி டாலர். லேசரின் சக்தியோ 20, 30 மடங்கு கூட வேண்டும். இருக்கிற சக்தியை வைத்து ஈரானின் ஏவுகணையை அடிக்க வேண்டுமானால், விமானம் ஈரானின் எல்லைக்குள்ளேயே போய் வட்டமிட வேண்டும்! அத்தனை பெரிய ஜம்போ விமானம் எதிரி நாட்டின் தலைக்கு மேல் சுற்றிக் கொண்டிருக்க, கீழே இருப்பவன் கை கட்டி வேடிக்கை பார்ப்பானா?

2011 டிசம்பரில் திட்டத்தை மூடினார்கள். 2014ல் அரிசோனா பாலைவனத்தில் அந்த விமானத்தை உடைத்துக் காயலான் கடைச் சரக்காக்கி விட்டார்கள்.

அதோடு முயற்சி நின்று விடவில்லை. 2021ல் இஸ்ரேல் சிறிய விமானம் ஒன்றிலிருந்து லேசரால் ஆளில்லா விமானங்களை வீழ்த்திக் காட்டியது. தூரம் சுமார் 1 கிலோமீட்டர். போர் விமானத்தில் லேசர் பொருத்த அமெரிக்க விமானப்படை போட்ட திட்டமோ, ஒருமுறைகூட வானில் சோதிக்கப்படாமலேயே முடிந்து விட்டதாக 2024ல் அறிவிக்கப்பட்டது. சின்ன ட்ரோன்களை எரிக்கும் காலம் வந்து விட்டது என்பதை மறுக்கவில்லை. ஊரை எரிக்கும் விமானம் எங்கும் இல்லை.

அப்படியானால் விமானத்தில் இருக்கும் லேசரால் ஆபத்தே இல்லையா? இங்கேதான் நம் இளைஞர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

எரிக்கும் லேசரைப் பற்றிப் பேசிப் பேசியே காட்டிக் கொடுக்கும் லேசரை மறந்து விட்டோம். விமானத்திலிருந்து மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றை ஒரு கட்டடத்தின் மேல் பாய்ச்சுகிறார்கள். அங்கே பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குண்டின் மூக்கில் உள்ள கருவி பிடித்துக் கொள்கிறது. குண்டின் இறக்கைகள் தாமாகவே திரும்பி, குண்டை அந்த இடத்திலேயே கொண்டு போய் இறக்குகின்றன. இதற்குத் தொழிற்சாலையும் வேண்டாம், ஜம்போ விமானமும் வேண்டாம். வியட்நாம் போரிலேயே வந்து விட்ட முறை இது. பல ஆண்டுகள் குண்டு வீசியும் விழாத தான் ஹோவா பாலத்தை 1972ல் இப்படித்தான் வீழ்த்தினார்கள்.

1991 பிப்ரவரி 13 அதிகாலை. பாக்தாத் நகரின் அமீரிய்யா பகுதியில் பொதுமக்கள் தஞ்சம் புகுந்திருந்த பதுங்கு கட்டடம். மேலே கனத்த கான்கிரீட் கூரை. அமெரிக்காவின் எஃப்-117 விமானங்கள் லேசர் வழிகாட்டும் குண்டுகள் இரண்டை வீசின. முதல் குண்டு கூரையைத் துளைத்தது. இரண்டாவது உள்ளே போய் வெடித்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அது ராணுவக் கட்டளை மையம் என்று நினைத்தோம் என்றது அமெரிக்கா. குண்டு குறி தவறவில்லை, சகோதரர்களே! ஒளி காட்டிய இடத்தில்தான் விழுந்தது. எந்த இடத்தைக் காட்டுவது என்று தீர்மானித்தது மனிதன்.

"துல்லியமான ஆயுதம், அதனால் அப்பாவிகள் சாக மாட்டார்கள்" என்று இன்றும் தொலைக்காட்சியில் நிபுணர்கள் வந்து சொல்லும்போது இந்தக் கட்டடத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

1995 அக்டோபரில் வியன்னாவில் நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தம் செய்தன. மனிதனின் கண்ணை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதத்துக்குத் தடை. 1998ல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் ஏற்றுக் கொண்டிருக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு சிப்பாயின் கண்ணைப் பறிக்க லேசரைப் பாய்ச்சக் கூடாது. அமீரிய்யாவின் கூரையில் பாய்ச்சிய லேசரைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.